தீவைப்பு, தீ விபத்து, எரிப்பு: எந்த வாக்கியத்தில் எது?

கோடைமழை:
மாணவர்களுக்கான ஒரு மொழிப்பயிற்சித் தொகுப்பில் வேலை செய்கிறேன். ஒரு பகுதியில் ‘தீவைப்பு’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருக்கிறோம். வந்ததில் மூன்றை இங்கே தருகிறேன்.

“மின்கசிவால் தொழிற்சாலையில் தீவைப்பு ஏற்பட்டது.”

“அவன் கோபத்தில் பக்கத்து வீட்டைத் தீ வைத்தான்.”

“நள்ளிரவில் நடந்த தீவைப்பில் குடிசைகள் எரிந்து சாம்பலாயின. தீக்கான காரணம் குறித்து விசாரணை நடக்கிறது.”

முதலாவது தவறு என்று யாருக்கும் தெரியும். இரண்டாவது காதில் இடறுகிறது, ஆனால் ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல ஒரு நல்ல விளக்கம் வேண்டும். மூன்றாவதில்தான் வாதமே. கூட வேலை செய்பவர் அதை அப்படியே விட்டுவிடலாம், இலக்கணம் சுத்தமாக இருக்கிறது என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

யாப்பு:
இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன், அது வேற்றுமை உருபு சம்பந்தப்பட்டது. ‘தீ வைத்தான்’ என்பதில் ‘வைத்தான்’ என்ற வினைக்குத் தீதான் செயப்படுபொருள். எதை வைத்தான் என்று கேட்டால் தீயை வைத்தான். வீடு அந்தத் தீயை வாங்கிக்கொள்ளும் இடம், அதனால் அதற்குக் ‘கு’தான் வரும்: வீட்டுக்குத் தீ வைத்தான், வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். ஒரே வினைக்கு ‘வீட்டை’, ‘தீ’ என்று இரண்டு செயப்படுபொருள் கொடுத்தால்தான் காதில் இடறும்.

பிள்ளைகள் ‘வீட்டை’ என்று எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. “வீட்டைத் தீயிட்டுக் கொளுத்தினர்” என்ற வாக்கியத்தைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறார்கள். அங்கே ‘வீட்டை’ என்பது ‘கொளுத்தினர்’ என்பதோடு போகிறது, ‘தீயிட்டு’ நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். கொளுத்தினான், எரித்தான், தீக்கிரையாக்கினான் இவை மூன்றும் ‘ஐ’ ஏற்கும். தீ வைத்தான், தீயிட்டான் இரண்டும் ‘கு’ ஏற்கும்.

பேச்சில் “வீட்டுல தீ வச்சுட்டான்” என்று சொல்வதும் உண்டு. எழுத்தில் “வீட்டில் தீ வைத்தான்” என்று போட்டால் வீட்டுக்குள் ஏதோ ஒரு பொருளுக்கு வைத்தான் என்றும் படிக்கலாம், அதனால் ‘கு’வே நல்லது.

மெய்ப்பு:
யாப்பு சொன்னது சரி. நான் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பேசுகிறேன், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது ஒரே கோளாறுதான், மூன்றாவதில் அது வெளியே தெரியாமல் இருக்கிறது.

தீவைப்பு என்றால் தீ எரிந்தது என்று மட்டும் பொருள் இல்லை. ஒருவர் வைத்தார், தெரிந்தே வைத்தார், கெடுதல் செய்யும் எண்ணத்தில் வைத்தார், இந்த மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். ‘தீவைப்பு’ இருக்கும் இடத்தில் ‘கொலை’ என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். “மின்கசிவால் தொழிற்சாலையில் கொலை ஏற்பட்டது” என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் கை வராது. கொலை, திருட்டு, தீவைப்பு எல்லாம் ஆள் செய்கிற வேலை, அவை ‘ஏற்படாது’. நடக்கும், நிகழும், அல்லது யாராவது அதில் ஈடுபடுவார்கள். ஏற்படுவது விபத்து, மின்கசிவு, சேதம், புகைமூட்டம்.

இப்போது மூன்றாவதில் அதே சோதனையைச் செய்து பாருங்கள். “நள்ளிரவில் நடந்த கொலையில் அவர் இறந்தார். இறப்புக்கான காரணம் குறித்து விசாரணை நடக்கிறது.” காரணம் இன்னும் தெரியாது என்று இரண்டாவது வாக்கியம் சொல்கிறது, முதல் வாக்கியமோ அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது. இலக்கணம் சுத்தமாக இருந்து என்ன பயன்? காரணம் தெரியாதவரை ‘தீயில்’ என்று மட்டும் எழுதலாம்: “நள்ளிரவில் பற்றிய தீயில் குடிசைகள் எரிந்து சாம்பலாயின. தீக்கான காரணம் குறித்து விசாரணை நடக்கிறது.” வைத்தது யார் என்றுதான் விசாரணை, வைத்ததில் சந்தேகமே இல்லை என்றால் தீவைப்பு என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தை “தீ வைத்தவர்கள் யார் என்று விசாரணை நடக்கிறது” என்று மாற்றுங்கள்.

இதில் ‘தீ விபத்து’ என்று மாற்றி எழுதுவதும் தப்பிக்கிற வழி ஆகாது. அதுவும் முன்கூட்டிச் சொல்லும் தீர்ப்புதான், எதிர்ப்பக்கத் தீர்ப்பு. யாரும் வைக்கவில்லை, தானாக நடந்தது என்று அது சொல்கிறது. விசாரணை முடியாமல் தீவைப்பு என்று எழுதக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். விசாரணை முடியாமல் தீ விபத்து என்று எழுதுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு இதுதான் ரொம்ப நாளாக ஆதங்கம்.

பனங்காடு:
இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா? எரிந்துபோனது எரிந்துபோனதுதான். படிக்கிறவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். பேச்சில் யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மெய்ப்பு:
பேச்சில்தான் நாம் மிகத் துல்லியமாகப் பிரிக்கிறோம் நண்பரே. ‘வீடு எரிஞ்சு போச்சு’ என்பதற்கும் ‘வீட்டை எரிச்சுட்டாங்க’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து வயதுக் குழந்தை கூடக் குழப்பிக்கொள்ளாது. எழுத்தில் எரிந்தது, எரித்தது, எரிகிறது, எரிக்கிறது, எரியும், எரிக்கும். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மெய்தான் மாறுகிறது, அதில் ஒரு ஆள் உள்ளே வந்துவிடுகிறார். அச்சுப்பிழையாக ‘எரிந்த கடை’ என்பது ‘எரித்த கடை’ என்று விழுந்தாலே பொருள் தலைகீழாகிவிடும்.

பேசுபவர் நேரில் பார்த்ததை வைத்தோ கேட்டதை வைத்தோ பேசுகிறார், கேட்பவர் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று திருப்பிக் கேட்கலாம். அச்சில் வந்த வாக்கியத்தை அப்படிக் கேட்க முடியாது. அதனால்தான் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. ‘எரிக்கப்பட்டது’, ‘தீ வைக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டால் நடுநிலை ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. யார் என்பது மட்டும்தான் மறைகிறது, வேண்டுமென்றே என்பது அப்படியே நிற்கிறது.

கோடைமழை:
கொலைச் சோதனை அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதில் ஒரு சந்தேகம். அறுவடை முடிந்த வயலில் பயிர்த் தாளை எரிக்கிறார்கள், குப்பையைக் கொளுத்துகிறார்கள், வனத்துறையினரே காய்ந்த புல்லை முன்கூட்டி எரித்துவிடுகிறார்கள். எல்லாம் வேண்டுமென்றே வைத்த தீதானே? இவற்றைத் தீவைப்பு என்று சொல்லலாமா? அப்புறம், எரியும் சிகரெட்டை யாரோ எறிய அது காட்டைப் பிடித்துக்கொண்டால் அது எதில் சேரும்?

வழக்காடி:
இது சட்டத்தில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் விஷயம், இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தீவைப்பு என்று தனியாக ஒரு குற்றப்பெயரே கிடையாது. சொத்துக்குச் சேதம் விளைவித்தல் என்ற பெரிய குற்றம் 425வது பிரிவில் இருந்தது, அதைத் தீயைக் கொண்டோ வெடிபொருளைக் கொண்டோ செய்தால் 435, வீட்டையோ வழிபாட்டிடத்தையோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்தையோ அழிக்கும் நோக்கில் செய்தால் 436. முன்னதற்கு 7 ஆண்டு வரை சிறை, பின்னதற்கு ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை இரண்டும் 326வது பிரிவின் உட்பிரிவுகளாகப் போய்விட்டன. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டம், தீயால் சொத்தை அழித்தால் தீவைப்பு (arson) என்ற பெயரைச் சொல்லியே குற்றம் சாட்ட வேண்டும் என்கிறது. நம்மிடம் அப்படி இல்லை. அதனால் நம் நீதிமன்றச் செய்தியில் ‘தீவைப்பு வழக்கு’ என்று எழுதுவது மக்கள் வழக்கு, சட்டப் பிரிவின் பெயர் அல்ல.

கோடைமழை கேட்ட கேள்விக்கு வருகிறேன். தீக்குச்சியைத் தெரிந்தே கிழித்தாரா என்பதோடு சட்டம் நின்றுவிடாது. சேதம் விளைவிக்கும் நோக்கம் இருந்ததா, அல்லது சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே செய்தாரா என்று பார்க்கும். தன் வயல் தாளை எரிப்பவருக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை. அது வேறு விதிகளை மீறுவதாக இருக்கலாம், புகையால் ஊரைக் கெடுப்பதாக இருக்கலாம், ஆனால் அதைத் தீவைப்பு என்று எழுதினால் அவர் மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துகிறோம். ‘எரிப்பு’ போதும். சிகரெட் விஷயம் அலட்சியம். நெருப்பைக் கையாள்வதில் காட்டும் அலட்சியத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, முன்பு 285, இப்போது 287. வாக்கியத்தில் “அணைக்காமல் எறிந்த சிகரெட்டால் தீப்பிடித்தது” என்று எழுதுங்கள். “தீ வைத்தார்” என்று எழுதாதீர்கள்.

எல்லோரும் தவறாக நினைக்கும் ஒன்று: சொந்த வீட்டுக்கு, சொந்தக் கடைக்கு வைத்தால் அது தீவைப்பு ஆகாது என்று. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் அடுத்தவர் குடியிருக்கும் வீட்டை எரிப்பதுதான் அந்தக் குற்றம், அதனால் அந்த நினைப்பு வந்திருக்கலாம். நம் சட்டம் அப்படி இல்லை. சேதப்படுத்திய பொருள் தன்னுடையதாகவே இருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்று பழைய 425வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. காப்பீடு செய்த கப்பலை, காப்பீடு கொடுத்தவர்களுக்கு நஷ்டம் வர வேண்டும் என்று சொந்தக்காரரே மூழ்கடிப்பதை அங்கே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே “காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கிடங்குக்குத் தானே தீ வைத்தார்” என்பது சரியான வாக்கியம்.

கோடைமழை:
கடைசி வாக்கியத்தைத் தொகுப்பில் சேர்க்க அனுமதி உண்டா? சுருக்கமாக எல்லாமே அதில் இருக்கிறது: ஆள், நோக்கம், ‘கு’ உருபு.

வழக்காடி:
தாராளமாக.

நெய்தல்:
நான் ஈழத்தில் இருந்து எழுதுகிறேன். மெய்ப்பு ஐயா ‘தீ விபத்து’ பற்றிச் சொன்னதைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. எரிந்தன என்று இப்போது எழுதிய நானே அந்த வினையை மாற்ற வேண்டும்: எரிக்கப்பட்டன. எங்கள் ஆட்கள் அன்றிலிருந்து இன்றுவரை சொல்வது ‘நூலக எரிப்பு’. யாராவது எங்கள் முன்னால் ‘யாழ் நூலகத் தீ விபத்து’ என்று எழுதினால் அதை நாங்கள் சொல் தெரியாமையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அந்தச் சொல் செய்தவனை விட்டுவிடுகிறது.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ‘நூலகத் தீவைப்பு’ என்று நாங்கள் ஏன் சொல்வதில்லை? அது ஏன் பொருந்தாத மாதிரி இருக்கிறது?

யாப்பு:
நல்ல கேள்வி. ஒரு காரணம் இலக்கணம்தான். ‘நூலகத்தை எரித்தல்’ என்பதில் ஐ உருபு மறைந்து ‘நூலக எரிப்பு’ என்று தொகையாக நிற்கும். இரண்டாம் வேற்றுமைத் தொகை தமிழில் மிக இயல்பானது: கொடி எரிப்பு, நகல் எரிப்பு, கொடும்பாவி எரிப்பு, பேருந்து எரிப்பு. ‘நூலகத்துக்குத் தீ வைத்தல்’ என்பதில் நான்காம் வேற்றுமை மறைந்து அப்படித் தொகை ஆவது கடினம், ஏற்கெனவே ‘தீவைப்பு’ தனக்குள் ஒரு செயப்படுபொருளைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதனால் எதை எரித்தார்கள் என்று பெயர் சொல்லும்போது ‘எரிப்பு’ வரும், பொதுவாக வன்முறைகளை அடுக்கும்போது ‘தீவைப்பு’ வரும். கலவரச் செய்திகளில் பாருங்கள், ‘கல்வீச்சு, சூறையாடல், தீவைப்பு’ என்று மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

இரண்டாவது காரணம், வைப்பது தொடக்கம், எரிப்பது முடிவு வரை. “தீ வைத்தார்கள், அக்கம்பக்கத்தார் அணைத்துவிட்டார்கள்” என்று சொல்லலாம். “எரித்தார்கள், அணைத்துவிட்டார்கள்” என்று சொன்னால் நெருடும். ஒரு நூலகம் முழுவதும் போனபின் ‘வைத்தார்கள்’ என்பது போதவில்லை.

வழக்காடி:
யாப்பு சொன்னதற்குச் சான்றாக, 2000 பிப்ரவரி 2 அன்று வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரோடு எரிந்துபோன வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை தமிழ்ச் செய்திகளில் அது பெரும்பாலும் ‘தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கு’தான்.

நெய்தல்:
‘உயிரோடு எரிந்துபோன’?

வழக்காடி:
சரியாகப் பிடித்தீர்கள். எரிக்கப்பட்ட.

மெய்ப்பு:
இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விடாமல் சொல்லிவிட வேண்டும். தீவைப்பு என்ற சொல் சொத்தைப் பற்றியது. வீடு, கடை, வண்டி, பயிர். அதில் ஆள் இறந்திருந்தால் அந்தச் சொல் மட்டும் போதாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, வெளியே வரவிடாமல் எரித்தார்கள். அதைத் ‘தீவைப்புச் சம்பவம்’ என்று எழுதினால் குடிசை எரிந்ததைச் சொல்கிறோம், மனிதரைக் கொன்றதைச் சொல்லவில்லை. அது படுகொலை. ‘தீவைப்பில் 44 பேர் பலி’ என்று எழுதினாலும் குடிசை எரிந்தபோது இவர்கள் தற்செயலாக உள்ளே இருந்துவிட்டார்கள் என்பது போலத்தான் படுகிறது. ‘44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்’ என்பதுதான் நேரான வாக்கியம்.

‘உடல் கருகிப் பலி’ என்று தலைப்பு வைக்கும் பழக்கமும் இப்படித்தான். விபத்தாக இருந்தால் சரி. ஒருவர் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கும்போது உடல் தானாகக் கருகவில்லை.

சுவடி:
கொஞ்சம் பழைய பக்கம் போகலாமா. கம்பராமாயணத்தில் அனுமன் இலங்கையைக் கொளுத்தும் பகுதிக்குப் பெயர் இலங்கை எரியூட்டு படலம். எரியூட்டு என்றால் நெருப்புக்கு உண்ணக் கொடுப்பது. அங்கே அது ஒரு நகரத்தை அழிப்பதற்கான சொல். இன்றைக்குச் செய்தியில் “அவரது உடல் எரியூட்டப்பட்டது” என்று படிக்கிறோம், அது இறுதிச்சடங்கு, மரியாதையான சொல். எரியூட்டு மேடை என்றே சொல்கிறோம். அதனால் இப்போது ஒருவர் ‘கலவரக்காரர்கள் கடைகளை எரியூட்டினர்’ என்று எழுதினால் எனக்கு வேண்டாத நினைவு வருகிறது. தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எரியூட்டலை உடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியத்தில் வஞ்சித்திணைத் துறைகளில் ஒன்று எரிபரந்தெடுத்தல். படையெடுத்துப் போகும் வேந்தன் பகைவர் நாட்டை எரிப்பது. வேண்டுமென்றே வைக்கும் தீயைக் குறிக்க நம்மிடம் அவ்வளவு பழைய சொல் இருக்கிறது, அதுவும் போர் முறைகளில் ஒன்றாக எண்ணி வரிசையில் வைத்த சொல்.

நெய்தல்:
எங்கள் பக்கச் செய்திகளில் ‘வீடு எரியூட்டப்பட்டது’, ‘வாகனம் எரியூட்டப்பட்டது’ என்று இன்றும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது நெருடுவதில்லை. ஒரு பக்கத்து வழக்கை மட்டும் வைத்து விதி போட வேண்டாம்.

சுவடி:
ஏற்றுக்கொள்கிறேன். விதி என்று வேண்டாம், பயிற்சியில் இரண்டு பயன்பாட்டையும் காட்டிவிடலாம்.

தணல்:
தீயணைப்பு, தீ ஆய்வு சார்ந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் துறையில் ஒரு தீயின் காரணத்தை நான்கில் ஒன்றாகத்தான் எழுத வேண்டும்: விபத்து, இயற்கை, வைக்கப்பட்டது, தீர்மானிக்க இயலவில்லை. கடைசியாகச் சொன்னது தோல்வி கிடையாது, அதுவும் ஒரு நேர்மையான முடிவு. செய்தியில் அந்த நான்காவதைப் பார்ப்பதே அரிது, ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடத்தான் அவசரம்.

அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது ஒன்று போதும். 1991 டிசம்பர் 23 அன்று கேமரன் டாட் வில்லிங்ஹாம் என்பவரின் வீடு எரிந்து அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் இறந்துபோனார்கள். தரையில் குட்டை குட்டையாகக் கருகியிருந்த தடங்களைப் பார்த்து, எண்ணெயை ஊற்றித்தான் கொளுத்தியிருக்கிறார்கள் என்றார்கள் ஆய்வாளர்கள். சிலந்தி வலை மாதிரி நுணுக்கமாக விரிசல் விட்டிருந்த சன்னல் கண்ணாடியையும் சான்றாகக் காட்டினார்கள். தகப்பன்தான் தீ வைத்தார் என்று 1992இல் தீர்ப்பு. 2004 பிப்ரவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே சான்றுகளைத் திரும்ப ஆராய்ந்த தீ நிபுணர்கள், இவற்றில் எதையும் வைத்துத் தீ வைக்கப்பட்டது என்று முடிவு செய்ய அறிவியல் அடிப்படை இல்லை என்று சொன்னார்கள்.

கொஞ்சம் விளக்குகிறேன். மூடிய அறையில் தீ எரியும்போது சூடான புகையும் வாயுவும் மேலே போய்க் கூரையடியில் தேங்கும். அந்த அடுக்கு சுமார் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதிலிருந்து இறங்கும் வெப்பத்திலேயே அறையில் இருக்கும் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், இதை ஃபிளாஷ்ஓவர் என்போம். அதன்பின் தரையும் எரியும், அங்கங்கே எரியும், ஊற்றிய எண்ணெய் எரிந்த மாதிரியே தடம் விழும். ஒரு சொட்டு எண்ணெய் கூட இல்லாமல். கண்ணாடி விஷயமும் அப்படித்தான், சூடேறிய கண்ணாடியில் அணைக்கிற தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தாலே நுணுக்கமாக விரிசல் விடும். இதெல்லாம் பரவலாகத் தெரியாத காலத்தில் வெறும் பார்வையை வைத்து ‘வைக்கப்பட்டது’ என்று எழுதினார்கள்.

அதனால் எனக்கு ஒரு வேண்டுகோள். தீ நடந்த இடத்தில் பெட்ரோல் கேன் கிடந்தது என்றால் ‘பெட்ரோல் கேன் கிடந்தது’ என்று எழுதுங்கள். இரண்டு மூன்று தனித்தனி இடங்களில் தீ தொடங்கியிருக்கிறது என்று ஆய்வில் தெரிந்தால் அதை எழுதுங்கள். தீவைப்பு என்ற முடிவை யார் சொன்னார்களோ அவர்கள் வாயில் வையுங்கள்.

பனங்காடு:
இதைப் படித்தபின் என் முதல் கேள்வியை அப்படியே வைத்திருக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் நடைமுறைச் சிக்கல் ஒன்று: எல்லா வாக்கியத்திலும் ‘கூறப்படுகிறது’ என்று போட்டுக்கொண்டே போனால் படிக்க முடியுமா?

மெய்ப்பு:
‘கூறப்படுகிறது’ உண்மையில் பயனில்லாத சொல். யார் கூறுகிறார் என்று போட்டுவிட்டால் வாக்கியமும் நேராகும், பொறுப்பும் அவருக்குப் போகும். “தன் கடைக்குத் தீ வைத்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் மீது உரிமையாளர் புகார் கொடுத்துள்ளார்.” இதில் எந்த இழுவையும் இல்லை. அடுத்து “தீ வைத்ததாக வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது.” தீர்ப்பு வந்தபின் “கடைக்குத் தீ வைத்த வழக்கில் இருவருக்குச் சிறை.” ‘ததாக’ என்று இருந்தது ‘த’ என்று ஆகிவிட்டது பாருங்கள், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த ஒரு விகுதியே சொல்லிவிடுகிறது. தமிழில் இவ்வளவு எளிதாக முடியும் வேலையை நாம் செய்யாமல் விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆலங்கிளை:
உருவகமாக வருவதையும் சேர்ப்பீர்களா? “அவன் ஒரு வார்த்தையைக் கொளுத்திப் போட்டான்”, “குடும்பத்துக்கே கொள்ளி வைத்துவிட்டான்”, “பகையை மூட்டிவிட்டான்.”

யாப்பு:
சேர்க்கலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உருவகத்தில் கொளுத்து, கொள்ளி, மூட்டு எல்லாம் வரும், ‘தீவைப்பு’ என்ற பெயர்ச்சொல் வராது. “அவன் பேச்சு ஒரு தீவைப்பு” என்று யாரும் சொல்வதில்லை. குற்றத்தின் பெயராகவே அது நின்றுவிட்டது.

மூட்டுவதற்கு ஒரு குறிப்பு. “குளிருக்குத் தீ மூட்டினார்கள்” என்பதில் வரும் ‘கு’ வேறு, அது எதற்காக என்பதைச் சொல்கிறது, “கூரைக்குத் தீ வைத்தார்கள்” என்பதில் வரும் ‘கு’ எதன் மேல் என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மூட்டுவது பெரும்பாலும் நல்ல காரியத்துக்கு, அடுப்பு மூட்டுவோம், கணப்பு மூட்டுவோம். கொளுத்துவது இரண்டு பக்கமும் போகும், விளக்கும் கொளுத்தலாம், வீட்டையும் கொளுத்தலாம்.

கோடைமழை:
எழுத்துமுறையும் கேட்டுவிடுகிறேன். தீ வைப்பு, தீவைப்பு, எது? வல்லினம் எங்கே மிகும்? வந்த பயிற்சித்தாள்களில் ‘தீப்வைப்பு’ என்று கூட ஒன்று இருந்தது.

யாப்பு:
பெயர்ச்சொல்லாக வந்தால் தீவைப்பு, சேர்த்து. வினையாக வந்தால் தீ வைத்தான், பிரித்து. நடுவில் எதுவும் மிகாது, வ வல்லினம் இல்லையே. தீப்பிடித்தது, தீப்பற்றியது, தீக்குளித்தார் இவற்றில் மிகும், அதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கும். அடுத்து வரும் சொல் வல்லினத்தில் தொடங்கினால் தீவைப்புச் சம்பவம், தீவைப்புக் குற்றம். தீவைப்பு வழக்கில் மிகாது. தீக்கிரை என்பது தீக்கு இரை, இரண்டு சொல் சேர்ந்தது, அதனால் ‘தீக்கிறை’ என்று வல்லின ‘ற’ போட்டால் தவறு. தீக்கிரையானது என்றால் யார் என்ற பேச்சே இல்லை, விபத்துக்கும் போடலாம். தீக்கிரையாக்கினர் என்றால் ஆள் வந்துவிட்டார்.

தணல்:
அப்புறம் தீ வைத்தவரை உடனே மனநோயாளி என்று எழுதுகிறார்கள். பைரோமேனியா என்ற நோய் உண்டு, தீயின் மேல் உள்ள அடக்க முடியாத உந்துதலால் திரும்பத் திரும்ப வைப்பது. அது மிக அரிது. பணத்துக்காகவோ, பழிவாங்கவோ, அரசியலுக்காகவோ, வேறொரு குற்றத்தை மறைக்கவோ வைத்தால் அது அந்த நோய்க் கணக்கில் சேராது. ‘தீ வைத்தவர்’ என்று மட்டும் எழுதினால் போதும்.

கோடைமழை:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாக்கியத்தையும் இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

“மின்கசிவால் தொழிற்சாலையில் தீப்பிடித்தது.”

“அவன் கோபத்தில் பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்தான்.”

“நள்ளிரவில் பற்றிய தீயில் குடிசைகள் எரிந்து சாம்பலாயின. இது தீவைப்பு என்று அங்கு வசிப்பவர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். தீக்கான காரணம் குறித்து விசாரணை நடக்கிறது.”

கூடவே வழக்காடியின் காப்பீட்டு வாக்கியம், மெய்ப்பு ஐயாவின் புகார், வழக்கு, தீர்ப்பு என்ற மூன்று படி.

மெய்ப்பு:
மூன்றாவது இப்போது நிற்கிறது. ஒன்று மட்டும், முதலாவதில் மின்கசிவு என்று யார் முடிவு செய்தது?

தணல்:
அதையேதான் நானும் எழுத வந்தேன். ஆய்வு நடக்கும் முன்பே எல்லாத் தீக்கும் மின்கசிவு என்று போடுவது வழக்கமாகிவிட்டது. “மின்கசிவால் தீப்பிடித்தது தடய ஆய்வில் உறுதியானது” என்று முடியுங்கள்.

கோடைமழை:
மாற்றிவிட்டேன்.